ஹாலில் கணப்பு வைக்கலாமா?

"டாக்டர், குன்னூர்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். ஹால்ல ஃபயர்ப்ளேஸ் வெச்சே தீரணும்னு இவர் ஒத்தைக் காலில் நிற்கிறார். நீங்களே சொல்லுங்க!"

கோவையிலிருந்து வந்திருந்த அம்மாள் இப்படி ஆரம்பித்தார். பக்கத்தில் அவர் கணவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "வெள்ளைக்காரன் கட்டின பங்களாவில எல்லாம் இருக்கே சார்! ராத்திரி நாலு கட்டையைப் போட்டுட்டு முன்னால உட்கார்ந்தா சொர்க்கம்!" என்றார்.

சிக்கல் சொர்க்கத்தில் இல்லை. லீவு விட்டதும் வந்து தங்கப்போகும் ஏழு வயதுப் பேரனுக்கு வீஸிங். இன்ஹேலர் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டமாட்டான்.

நம் பாட்டிகளை இரும வைத்தது விறகடுப்பு. அதைச் சமையலறையிலிருந்து விரட்ட எத்தனை வருஷம் ஆயிற்று! அதே விறகை ஹாலுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் மார்பிள் பதித்துவிட்டால் புகையின் குணம் மாறிவிடுமா? விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு வடிகட்டாது. நேரே நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்விடும். 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் இவை 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆஸ்துமா, நாள்பட்ட சளி இருமல், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணி, கைக்குழந்தை, இவர்களில் ஒருவர் இருந்தாலும் அந்த வீட்டுக்கு விறகுக் கணப்பு வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

"புகையெல்லாம் சிம்னி வழியா போயிடுமே?" என்றார் அவர். போகும்தான். ஆனால் அறையின் சூட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்! திறந்த கணப்பில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதி கூரைக்கு மேலேதான் சேர்கிறது. முகம் சுடும், முதுகு நடுங்கும். காற்று திசை மாறினாலோ, சிம்னியில் பறவை கூடு கட்டியிருந்தாலோ புகை திரும்பி ஹாலுக்கே வரும். பழைய பங்களா வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தணல் அடங்குவதற்குள் சிம்னி மூடியைச் சாத்திவிட்டுத் தூங்கப்போவது. அரைகுறையாக எரியும் கட்டையிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம். குளிருக்குக் கதவடைத்துப் படுக்கையறையில் கரிச்சட்டி வைப்பது இன்னும் மோசம். அதற்குச் சிம்னியும் கிடையாது.

அவர் முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. "நோயாளி யாரும் இல்லாத வீடாக இருந்தால், கண்ணாடிக் கதவு போட்ட, மூடிய இரும்புக் கணப்பு வாங்கலாம்" என்றேன். அதற்கும் நிபந்தனை உண்டு. விறகு குறைந்தது ஆறு மாதமாவது மழை படாமல் காய்ந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் போடக்கூடாது. சிம்னியின் உள்ளே தார் மாதிரி கரிப்பிசின் படியும். அது தீப்பிடிக்கக்கூடியது, அதனால் வருஷம் ஒருமுறை சுத்தம் செய்தே ஆகவேண்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு.

பேரன் வரும் வீட்டுக்கு? ஜன்னல் இடுக்குகளை அடைத்து, வெயில் விழும் பக்கம் படுக்கையறை வைத்து, ஆயில் ஹீட்டர் ஒன்று போதும். ஊட்டியோடு பார்த்தால் குன்னூர்க் குளிர் ஒரு குளிரா!

"அப்ப சிம்னி வேணாமா?" என்று எழுந்தார் கணவர். அம்மாள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

ஏற்கெனவே கணப்பு இருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கணப்பு எரியும்போது வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, '98 காட்டுதே' என்று உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். ஆக்ஸிஜன் எது, கார்பன் மோனாக்ஸைடு எது என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.