கல்லாற்றுப் பழங்களும் மலையடிவாரக் குடியானவரும்

கோயம்புத்தூர் ஜில்லா என்றவுடன் பருத்தியும் கரிசல் மண்ணும் ஆழக் கிணறுகளுமே நினைவுக்கு வரும். மேட்டுப்பாளையத்தைக் கடந்து குன்னூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றால் சீதோஷ்ண நிலையே மாறிவிடுகிறது. நீலகிரி அடிவாரத்திலுள்ள கல்லாற்றிலும், அதற்கு மேலே நீலகிரி ஜில்லாவைச் சேர்ந்த பர்லியாற்றிலும், மலேயா நாட்டுக்குரிய மங்குஸ்தானும் ரம்புத்தானும் துரியனும் காய்க்கின்றன. பர்லியாற்றுத் தோட்டத்தை அரசாங்கம் 1871இல் ஏற்றது. கல்லாற்றுத் தோட்டம் 1900இல் அமைந்தது.

இரு பருவ மழைகளும் மலைச்சரிவின் ஈரமுமே இதற்குக் காரணம். அன்னூரிலும் சூலூரிலும் மங்குஸ்தான் பயிரிடலாமா என்று கேட்போர் உண்டு. வேண்டாம் என்பதே நமது விடை. வறண்ட காற்று அதற்கு ஆகாது.

மலையடிவாரத்தார் அறிய வேண்டியவை சில. மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாவதால், கன்று தாய்மரத்தைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். உயர்ந்த ரகம் என்று சொல்லி அதிக விலை கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. காய்ந்த விதை முளைக்காது. பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்ற வேண்டும். பக்கவேர்கள் குறைவாதலால், நடும்போது ஆணிவேர் அறுந்தால் கன்று பிழைப்பது அரிது. இளங்கன்றுக்கு நிழல் அவசியம். காய்ப்புக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும்.

அதுவரை குடும்பம் எதைக் கொண்டு பிழைப்பது? பாக்குத் தோப்பினூடே நட்டு மிளகுக்கொடி ஏற்றுவது நல்ல வழி. நிழலுக்கும் வரவுக்கும் வாழை வைப்பதே வழக்கமெனினும், கல்லாறு–ஜக்கனாரி யானை வழித்தடத்தை ஒட்டிய நிலத்தில் அது யானைக்கு விருந்து வைப்பதாகும். அங்கே பாக்கும் முழுதும் தப்புவதில்லை. அதற்காக மின்கம்பியிலிருந்து நேரே வேலிக்கு இணைப்புக் கொடுப்பது குற்றம். அது யானையை மட்டுமன்றி அண்டை வீட்டுக்காரரையும் கொல்லும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. எழுத்தறியாதவர் மனுவைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களே எழுதிக் கொடுத்தல் நலம்.

கல்லாற்றில்தான் மலை ரயிலின் பல்சக்கரப் பாதை ஏறத் தொடங்குகிறது. குன்னூர் வரை 1899இல் திறக்கப்பட்ட இப்பாதை 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ரயிலையும் அருவிகளையும் காண வருவோரே சாலையோரப் பழக்கடைகளின் வாடிக்கையாளர். பிள்ளைப்பேறு வேண்டித் துரியன் தேடி வருவோரும் உண்டு; அது நம்பிக்கையே, மருத்துவமன்று. பிளாஸ்டிக் பைகள் 1-1-2019 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. பழவாசம் ஏறிய பையை யானையும் குரங்கும் தின்றுவிடும். ஆகையால் ஓலைக்கூடையில் விற்கப் பஞ்சாயத்துகள் ஏற்பாடு செய்யலாம். மங்குஸ்தான் தோல் கல்லாய் இறுகியிருந்தால் பழம் கெட்டது. அதை விற்பனைக்கு வைக்கலாகாது. பழத்தின் அடியில் பூப்போன்ற குறியில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. வாங்குவோருக்கு இதை எண்ணிக் காட்டினால் பேரம் குறையும்.