வலுவான எஃகெல்லாம் பாதுகாப்பான எஃகா?

நம்பிக்கை: கம்பியில் எண் கூடக் கூட வீட்டுக்குப் பாதுகாப்பு கூடும்

வீடு கட்டத் தொடங்கியதும் கம்பிக் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் எண்ணைச் சுற்றியே இருக்கும். ஐந்நூறா, ஐந்நூற்றைம்பதா? கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, பெரிய எண்ணாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். புதிய எஃகு வகைகளை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில், இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று விளக்க வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

500 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 500 நியூட்டன் வரை இழுத்தாலும், விட்டவுடன் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்று பொருள். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு என்ன ஆகும் என்பது அந்த எண்ணில் இல்லை. பெரிய நிலநடுக்கத்தில் எல்லை தாண்டத்தான் செய்யும். அப்போது கம்பி அறுந்துபோகாமல் நீள வேண்டும். நீளும்போதுதான் குலுக்கலின் ஆற்றலை அது வாங்கிக்கொள்கிறது. கட்டடம் விரிசல் விட்டாலும் உடனே சரிந்துவிடாமல் நிற்பதால், உள்ளே இருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கிறது.

ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர விதி இதற்கும் அளவு வைத்திருக்கிறது. 16 மி.மீ. கம்பியில் 80 மி.மீ. நீளத்தைக் குறித்துக்கொண்டு, அறும்வரை இழுத்து, இரண்டு துண்டுகளையும் பொருத்தி வைத்து மறுபடி அளப்போம். 500 ரகம் குறைந்தது 9.6 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். 550 ரகம் 8 மி.மீ. நீண்டாலே தேறிவிடும். எண் கூடியிருக்கிறது, நீளும் தன்மை குறைந்திருக்கிறது. ஆனால் 500 என்ற எண்ணோடு ‘டி’ என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் 12.8 மி.மீ. நீள வேண்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டியது இந்த எழுத்தைத்தான்.

கடையில் டிஎம்டி என்ற பெயரில் விற்கும் இந்தக் கம்பிக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. உருளைகளிலிருந்து சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளிவரும் கம்பி, நொடிப்பொழுதில் தண்ணீர்ப் பெட்டி வழியாகப் பாய்ந்து செல்கிறது. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து மிகவும் கடினமாகிறது. உள்ளே தங்கிய சூடு பிறகு வெளியே பரவி அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது. நடுப்பகுதியோ மெதுவாக ஆறி, நீளக்கூடியதாக இருக்கிறது. கம்பியைக் குறுக்கே அறுத்து, முகத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவினால் விளிம்பைச் சுற்றிக் கருவளையம் ஒன்று மெல்லத் தெளிந்து வரும். நடுவில் வெளிறிய வட்டம். வளையம் அறுபடாமல், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் தண்ணீர் சீராகப் படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வளைக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று வேலை நடக்கும் இடத்தில் கம்பியை நெருப்பில் காட்டுபவர்கள் அழிப்பது இந்த வளையத்தைத்தான். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள்.

நம்பிக்கை: இரும்பு வளைந்துதான் கொடுக்கும், திடீரென உடையாது

1943 ஜனவரி 16. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில், ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் சோதனை ஓட்டத்தை முடித்துவிட்டுத் துறையில் நின்றுகொண்டிருந்தது. புயலும் இல்லை, அலையும் இல்லை. நல்ல குளிர் மட்டும் இருந்தது. பெரும் சத்தத்தோடு மேல்தளத்தில் பிளந்த விரிசல், இரண்டு பக்கமும் இறங்கிக் கப்பலை ஏறக்குறைய இரண்டாக்கிவிட்டது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்கள் பலவற்றிலும் இப்படி விரிசல்கள் தோன்றின. எல்லாரும் வெல்டிங் மீது பழி போட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி, குளிரில் அந்த எஃகே அப்பளமாக நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலில் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்தக் குணத்தைச் சோதிக்க இன்றும் சார்ப்பி ஊசலைத்தான் நம்புகிறோம். 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. குளிரூட்டிய துண்டைத் தாங்கியில் வைத்ததும் கனத்த ஊசல் வந்து அடிக்கும். உடைந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராகக் கிழிந்திருந்தால் நல்ல எஃகு. சர்க்கரைப் பரல் மின்னுவதுபோல் மின்னினால் அந்தக் குளிரில் அதை நம்பக் கூடாது.

வலுவைக் கூட்டும் பெரும்பாலான வழிகள் உடையாமல் தாங்கும் திறனைக் குறைத்துவிடும். இரண்டையும் ஒருசேரக் கூட்டும் வழி, எஃகுக்குள் இருக்கும் படிக மணிகளைப் பொடியாக்குவது. 1950களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்ற இருவர் மணியின் அளவுக்கும் வலுவுக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே நிறுவினார்கள். ஒரு டன் எஃகில் 300 கிராம் நியோபியம் சேர்த்து, சூட்டையும் உருட்டும் வேகத்தையும் கவனமாகக் கட்டுப்படுத்தினால் மணிகள் வளர முடியாமல் சிறிதாகவே நின்றுவிடும். இத்தனை சிறிய அளவு இவ்வளவு செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

நம்பிக்கை: வலுவான எஃகு போட்டால் உத்தரம் தொய்யாது

தொய்வதும் வலுவும் வேறு வேறு. எஃகின் விறைப்பை முடிவு செய்வது இரும்பு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. மலிவான எஃகானாலும் விலையுயர்ந்த எஃகானாலும் அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். வலுவான எஃகு என்று சொல்லி உத்தரத்தை மெலிதாக்கினால் முன்பைவிட அதிகமாகவே தொய்யும்.

நம்பிக்கை: அந்தக் காலத்துக் கார்தான் பாதுகாப்பு, தகடு எவ்வளவு கனம்!

2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோத வைத்தது. பழைய காரில் ஓட்டுநர் அமரும் இடமே நசுங்கியது. புதிய காரின் முன்பகுதி சிதைந்தாலும் அமரும் அறை அப்படியே நின்றது. முன்பகுதி மடிந்து மடிந்து மோதலை விழுங்கும்படியும், கதவுத் தூண் மடியாதபடியும் இடத்துக்கு ஏற்ற எஃகைத் தேர்ந்தெடுப்பதன் பலன் இது. இன்றைய கார்களின் கதவுத் தூணுக்குப் பெரும்பாலும் போரான் கலந்த தகட்டை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அச்சுக்குள்ளேயே அழுத்திக் குளிர வைக்கிறார்கள். வலு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,500 நியூட்டனைத் தொடும்.

நம்பிக்கை: முன்னோர் துருப்பிடிக்காத இரும்பு செய்தார்கள், இன்றைய விஞ்ஞானத்தால் முடியவில்லை

டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பது பெருமைக்குரிய செய்தி. அதன் ரகசியத்தையும் நம் நாட்டவரே விளக்கிவிட்டார். ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம், அந்த இரும்பில் உள்ள மிகுதியான பாஸ்பரஸ் மேற்பரப்பில் காப்புப் படலம் உருவாக உதவுகிறது என்று காட்டினார். தூணில் பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம். 500டி கம்பியில் 0.04 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. துருவைத் தடுக்கும் அதே பாஸ்பரஸ் குளிரில் எஃகை நொறுங்க வைக்கும் என்பதால் நாமே பாடுபட்டு அதை நீக்குகிறோம். பாரம் சுமக்காமல் நிமிர்ந்து நிற்கும் தூணுக்கு அது கேடில்லை. பாலத்துக்குக் கேடு.

நம்பிக்கை: முதல் நாள் சோதனையில் தாங்கிவிட்டால் பயமில்லை

2013 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் விரிகுடாப் பாலத்தின் புதிய பகுதியில், மிக வலுவான எஃகால் ஆன துத்தநாகம் பூசிய நங்கூரத் தண்டுகளை இழுத்து இறுக்கினார்கள். இறுக்கும்போது எதுவும் ஆகவில்லை. அடுத்த சில நாட்களில் 96 தண்டுகளில் 32 ஒவ்வொன்றாக முறிந்தன. காரணம் ஹைட்ரஜன். மிகச் சிறிய அந்த அணு எஃகுக்குள் நுழைந்து, இழுவிசை அதிகம் உள்ள இடத்துக்கு மெதுவாக நகர்ந்து சேர்ந்து பலவீனப்படுத்துகிறது. எஃகு எவ்வளவு வலுவானதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்தும் கூடும்.

அதனால் புதிய எஃகைச் சோதிக்கும்போது மாதிரிகளுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி, பாரத்தோடு தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கிறோம். வனேடியம் கார்பைடின் நுண்துகள்கள் எஃகுக்குள் சீராகப் பரவியிருந்தால் ஹைட்ரஜனை நகரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அவை சில நானோமீட்டர் அளவிலேயே இருக்க வேண்டும். பெரிதாக வளர்ந்துவிட்டால் பிடிப்பு குறைந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் சில கிலோ உருக்கி அந்த அளவைக் கொண்டுவருவது அத்தனை கஷ்டமில்லை. ஆலையில் நூறு டன் உருக்கும்போதும் ஒவ்வொரு கம்பியிலும் அதே அளவு வர வேண்டும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.