துப்பாக்கிகளுக்கு நடுவே ஒரு வார்டன்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



வார்டன் என்றதும் நமக்கெல்லாம் ஹாஸ்டல் வார்டன் ஞாபகம்தான் வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சுவர் ஏறிக் குதித்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே வரும்! இந்தக் கட்டுரையில் வருகிறவர் வேறு வார்டன். இவருடைய ஹாஸ்டல் காடு. இவர் தட்டிக் கேட்க வேண்டிய ஆட்கள் எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கும். அமெரிக்காவில் இவருக்குப் பெயர் ‘கேம் வார்டன்’. வேட்டைக் காவலர் என்று வைத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டன. அமெரிக்காவில் அப்படியில்லை. லைசென்ஸ் எடுத்தால் அரசு நிலத்திலேயே வேட்டையாடலாம். “அப்படி விட்டால் விலங்கு எப்படி மிஞ்சும்?” என்றுதானே கேட்கத் தோன்றுகிறது? எனக்கும் தோன்றியது. தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

கேட்க ஆளில்லாத காலம்

19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பயணப் புறா என்று ஓர் இனம் இருந்தது. நூற்றுக்கணக்கான கோடி! கூட்டம் பறந்தால் வெயிலே மறையுமாம். புறா எங்கே இறங்கியிருக்கிறது என்று தந்தியில் சேதி போகும். வியாபாரத்துக்குச் சுடுகிறவர்கள் ரயிலேறி வந்துவிடுவார்கள். பீப்பாய் பீப்பாயாக நகரத்து மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் மார்த்தா என்ற கடைசிப் புறா செத்தது. அதோடு அந்த இனமே முடிந்தது.

பொதுச் சொத்து, கணக்கும் இல்லை, காவலும் இல்லை. பிறகு வேறென்ன நடக்கும்?

மாதம் 35 டாலர்

அதே காலத்தில் சீமாட்டிகளின் தொப்பியில் கொக்கு இறகு வைப்பது ஃபேஷன். இறகின் விலை எடைக்கு எடை தங்கத்தையே தாண்டியது. கூடு கட்டும் பருவத்தில்தான் இறகு அழகாக இருக்கும். ஆகவே தாய்ப் பறவையைச் சுட்டால் குஞ்சுகளும் பட்டினியில் சாகும்.

இதைத் தடுக்க 1902-இல் ஃபுளோரிடாவின் தென்கோடியில் கய் பிராட்லி என்பவரை வார்டனாக நியமித்தார்கள். சம்பளம் மாதம் 35 டாலர். இவரும் சின்ன வயதில் இறகுக்காகப் பறவை சுட்டவர்தான்! 1905 ஜூலை 8 அன்று துப்பாக்கிச் சத்தம் கேட்டு, தனியாகப் படகெடுத்துப் போனார். தனக்குத் தெரிந்த ஓர் உள்ளூர்க்காரரின் மகனைக் கைது செய்ய முயன்றார். அந்தத் தகப்பன் சுட்டதில் இறந்துபோனார். சுட்டவர் மேல் வழக்குக்கூட நிற்கவில்லை. ஆனால் அந்தச் சாவு நாட்டையே உலுக்கியது. 1910-இல் நியூயார்க் மாநிலம் இறகு விற்பனையைத் தடை செய்தது. 1918-இல் வலசைப் பறவைகளுக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது.

பணம் யார் தருவது?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் வனவிலங்குப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் போகும். மாநிலம் 1 டாலர் போட்டால் மத்திய அரசு 3 டாலர் தரும். ஆனால் ஒரு கண்டிஷன்: வேட்டை லைசென்ஸ் பணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது!

பலன்? 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த வெள்ளைவால் மான், இன்று சுமார் 3 கோடி.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு

ஏரிக்கரையில் வாத்து வேட்டைக்காரரை வார்டன் எப்படிச் சோதிக்கிறார் தெரியுமா? முதலில் லைசென்ஸ். அடுத்து துப்பாக்கி. வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கிக்குள் மூன்று தோட்டாவுக்கு மேல் போகக்கூடாது. அதற்காக மேகஸின் குழாயில் ஓர் அடைப்பு வைத்திருக்க வேண்டும். நாலாவது தோட்டா உள்ளே போனால் மாட்டிக்கொண்டார்!

மூன்றாவதாக, தோட்டாவின் மேல் ஒரு காந்தம். ஏன்? தண்ணீரில் விழும் ஈயக் குண்டுகளைத் தீவனத்தோடு வாத்து விழுங்கிவிடும். ஈய விஷம் ஏறிச் சாகும். அதனால் 1991-இலிருந்து வாத்து வேட்டைக்கு நாடு முழுவதும் ஈயக் குண்டு கிடையாது. எஃகு என்றால் காந்தம் பிடிக்கும், ஈயம் என்றால் பிடிக்காது. காந்தம் பிடிக்காத வேறு அனுமதிக்கப்பட்ட உலோகங்களும் உண்டு என்பதால், அப்போது தோட்டாவை மேலும் சோதிப்பார்.

ரோட்டோரம் நின்று திருட்டுத்தனமாகச் சுடுகிறவர்களுக்கு ரோபோ மான்! நிஜத் தோல் போர்த்திய பொம்மை. ரிமோட்டை அழுத்தினால் தலை திரும்பும், வால் ஆடும். சுட்டவுடன் புதருக்குப் பின்னாலிருந்து வார்டன் எழுந்து வருவார்.

சிவில் நண்பர்களுக்கு

மேற்கு மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் நிலம் கொடுத்தார்கள். இன்றும் அங்கே மேப் சதுரங்கப் பலகை மாதிரிதான். கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொதுநிலம். ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மூலை வழியாகத் தாண்டலாமா? 2021-இல் வயோமிங் மாநிலத்தில் நாலு வேட்டைக்காரர்கள் சர்வே கல் இருந்த மூலையில் ஏணி போட்டு, தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டினார்கள். வழக்கு வந்தது. 2025-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுநிலத்துக்குப் பொதுமக்கள் போவதை அடைத்து வைக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

முடிவாக...

வேட்டை சரியா, தப்பா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. உயிரைக் கொல்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒன்று யோசித்தேன். நம் ஒர்க்‌ஷாப்பில் பொதுவாகக் கிடக்கிற வெர்னியர் காலிப்பர் எத்தனை நாள் ஒழுங்காக இருக்கிறது? சொந்தமாக வாங்கியதை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறோமே, ஏன்?

பொதுச் சொத்து தங்க மூன்று வேண்டும். அனுபவிக்கிறவன் பங்கு கொடுக்கணும். எல்லாருக்கும் ஒரே அளவு இருக்கணும். தட்டிக் கேட்க ஒருத்தன் இருக்கணும். மூன்றாவது ஆள்தான் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அவன் கேட்க வேண்டியது தெரிந்தவனை, பக்கத்து வீட்டுக்காரனை. கய் பிராட்லி கேட்டார்.

அடுத்த முறை ஸ்டோர் கீப்பர் டூலை எண்ணி வாங்கும்போது முணுமுணுக்காமல் கொடுப்போம் நண்பர்களே!