நீலப் பாதங்கள்

தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ளது கலாபகஸ் தீவுக்கூட்டம். எரிமலைக் குழம்பு இறுகி உருவான அதன் கரும்பாறைகளின்மீது, வான்நீலம் தோய்த்தெடுத்தாற் போன்ற பாதங்களுடன் அசைந்து நடக்கும் பறவை நீலக்கால் பூபி. அதன் உடல் பழுப்பும் வெண்மையும் கலந்து எளிமையாகவே தோன்றும்; அழகு முழுவதும் காலில் இறங்கிவிட்டது எனலாம். மெக்சிகோ முதல் பெரு வரையுள்ள தீவுகளிலும் இப்பறவை வாழ்கிறது. எனினும், இனப்பெருக்கம் செய்யும் இணைகளுள் ஏறக்குறையப் பாதி கலாபகஸில்தான் உள்ளன என்பர்.

‘பூபி’ என்னும் பெயர், மூடன் எனப் பொருள்படும் ‘போபோ’ என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. தரையில் தடுமாறி நடப்பதையும் மனிதரைக் கண்டு அஞ்சி விலகாததையும் கொண்டு இடப்பட்ட பெயர் அது. வேட்டையாடும் பூபியைக் கண்டவர் எவரும் அப்பெயரை ஏற்கமாட்டார். இருபது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, சிறகுகளைப் பின்னே ஒடுக்கி, எய்த அம்பெனக் கடலுள் பாய்கிறது. அதன் மூக்குத்துளைகள் வெளிப்புறம் மூடியே இருப்பதால் நீர் உட்புகுவதில்லை. அலகின் ஓரங்கள் வழியாகவே மூச்சுவிடுகிறது.

இனி, பாதத்தின் நிறத்தைக் காண்போம். தோலிலுள்ள கொலாஜன் இழைகள் ஒளியைச் சிதறச் செய்வதும், கரோட்டினாய்டு என்னும் நிறமியும் சேர்ந்தே இந்நீலத்தை உண்டாக்குகின்றன. கரோட்டினாய்டைப் பறவை தானே உருவாக்க இயலாது. உண்ணும் மீனிலிருந்தே பெறவேண்டும். எனவே, இரண்டு நாள் இரையின்றி இருந்தாலே பாதத்தின் ஒளி குன்றிவிடுகிறது. புதிய மீன் கிடைத்ததும் விரைவில் மீள்கிறது. இணை தேடும் ஆண் பறவை பாதங்களை மாறி மாறி உயர்த்தி, சிறகு விரித்து, அலகை வான்நோக்கி நீட்டி ஆடுவது இதனாற்றான். ஆட்டத்தின்போது சுள்ளியொன்றையும் பரிசாக வைக்கும். கூடு என்னவோ வெறுந்தரைதான்!

பெண் பறவை இந்நிறத்தை எவ்வளவு நுட்பமாகப் படிக்கிறது என்பதை மெக்சிகோவின் இசபெல் தீவில் நடந்த ஆய்வொன்று காட்டியது. முதல் முட்டை இட்டபின், ஆண் பறவைகளின் பாதங்களில் மங்கலான வண்ணம் பூசினர். அவற்றின் இணைகள் இரண்டாம் முட்டையைச் சிறிதாக இட்டன.

முட்டைகளை அடைகாப்பதும் அப்பாதங்களே. குருதியோட்டம் மிகுந்த பாதச்சவ்வின் வெப்பத்தில், ஏறத்தாழ ஆறு வாரங்களில் குஞ்சுகள் பொரிகின்றன. மூத்த குஞ்சுக்குச் சில நாள்கள் கழித்தே இளையது வெளிவருகிறது. இரை போதுமானால் இரண்டும் வளரும். பஞ்சம் நேர்ந்தால் மூத்தது இளையதைக் கொத்தி விரட்டும். சில வேளைகளில் கொன்றும்விடும். பெற்றோர் தடுப்பதில்லை. கொடுமையாகத் தோன்றினும், இருவரும் மடிவதினும் ஒன்றேனும் பிழைப்பது அவ்வினத்திற்கு நன்று.

அத்தகைய பஞ்சம் கலாபகஸில் நேர்ந்தது. 1960களில் அங்கு 20,000 வரை மதிப்பிடப்பட்ட நீலக்கால் பூபிகள், 2012ஆம் ஆண்டையொட்டிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6,400ஆகக் குறைந்திருந்தன. இவற்றின் முதன்மை இரையான மத்தி மீன் 1997க்குப் பின் அருகியதே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மத்தி போதிய அளவு கிடைக்காதபோது பல இணைகள் முட்டையிட முயல்வதே இல்லை. அக்கணக்கெடுப்புக் காலத்தில், அத்தீவுகளில் இளம்பறவைகள் மிக அரிதாகவே கண்ணில் பட்டன.