பத்தியமும் விவேகமும்

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். ஆதிரங்கம் என்று பக்தர்கள் போற்றும் இத்தலத்தில் அரங்கனைச் சூழ்ந்து செல்லும் காவிரியே பின்னர் திருவரங்கத்துக்கும் வந்து சேர்கிறாள். மைசூருவுக்கு அருகே, மண்டியா மாவட்டத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றி நெல்லும் கரும்பும் செழித்து வளர்கின்றன. மேட்டு நிலங்களில் கேழ்வரகு விளைகிறது. மண்டியாவில் 1933-ஆம் ஆண்டு சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் சிறு கொட்டகைகளும் இப்பகுதியில் உண்டு. கன்னடத்தில் அவற்றை ‘ஆலெமனெ’ என்பர்.

அங்கே வேலை செய்யும் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பிழிந்த சாற்றை உடனே காய்ச்சிவிட வேண்டும். சில மணி நேரம் வாளாவிட்டால் அது நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். கரும்பின் தோலிலும் பாத்திரங்களிலும் இயல்பாகவே உள்ள ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களின் செயல் அது. ஆனால் அதே சாறு சுண்டி வெல்லமாக இறுகியபின் பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது. சாற்றில் இருந்ததைவிட இனிப்பு வெல்லத்தில் பன்மடங்கு செறிந்துள்ளது. ஆயினும் ஈரம் குறைந்துவிட்டதால் ஈஸ்டால் அதில் பெருக முடிவதில்லை.

ஆகவே இனிப்பு இருப்பது மட்டுமே ஈஸ்டின் பெருக்கத்துக்குக் காரணமாகிவிடாது; சூழலும் இசைந்து வர வேண்டும். மனித உடலில் ஈஸ்ட் பெருகுவதைப் பற்றியும் அதற்கெனச் சொல்லப்படும் பத்தியத்தைப் பற்றியும் தெளிவு பெற இந்த எளிய உண்மை துணைபுரியும்.

உடலில் உடன் வாழும் உயிர்

கேண்டிடா என்னும் ஒருவகை ஈஸ்ட், ஆரோக்கியமான பலரின் வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்ந்து வருகிறது. அங்கேயே வாழும் நற்பாக்டீரியாக்களும், உடலின் நோய் எதிர்ப்பாற்றலும் அதனை வரம்புக்குள் வைத்திருக்கின்றன. எனவே அது உடலில் இருப்பதே நோய் அன்று. வரம்பு குலைவதே நோய்.

வரம்பு குலைவதற்கான காரணங்களை மருத்துவம் நன்கு அறிந்துள்ளது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, ஆன்டிபயாடிக் மருந்துகள், கர்ப்ப காலம், ஸ்டீராய்டு மருந்துகள், புற்றுநோய்க்கான சிகிச்சை, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இரவிலும் கழற்றாமல், தூய்மை செய்யாமல் அணியும் பல்செட்டும் ஒரு காரணம். அப்போது நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் தோன்றலாம். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் ஏற்படலாம். மிகவும் நலிந்த நோயாளிகளின் இரத்தத்தில் இது கலந்தால் உயிருக்கே ஆபத்து நேரும்.

ஒரு கொள்கையும் அதன் சோதனையும்

1983-ஆம் ஆண்டு வில்லியம் குரூக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய நூலால் ஒரு கருத்து வேகமாகப் பரவிற்று. தீராத களைப்பு, தலைவலி, மனச்சோர்வு போன்ற பல துன்பங்களுக்கும் உடலில் பெருகிய ஈஸ்டே மூலம் என்பது அக்கருத்து. சர்க்கரையையும் ஈஸ்ட் சேர்ந்த உணவுகளையும் அறவே விலக்கினால் ஈஸ்ட் பட்டினியால் அழியும் என்று கூறப்பட்டது. காலப்போக்கில் பழங்களும் புளித்த உணவுகளும் தானியங்களும்கூட விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்ந்தன.

1986-இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவ அமைப்பு, இக்கருத்து நிரூபிக்கப்படாதது என்று அறிவித்தது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 42 பெண்களுக்கு ஈஸ்டை அழிக்கும் நிஸ்டாட்டின் மருந்தும், மருந்துச் சத்தே இல்லாத போலி மாத்திரையும் மாறி மாறித் தரப்பட்டன. பிறப்புறுப்புத் தொல்லைக்கு மருந்து பயன் தந்தது. ஆனால் களைப்பு முதலிய பொதுவான துன்பங்களைப் பொறுத்தவரை, போலி மாத்திரை தந்த ஆறுதலைவிட மருந்து கூடுதலாக எதையும் தரவில்லை. 1999-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், ஆரோக்கியமான 28 பேரின் உணவில் சர்க்கரையை மிகுதியாகச் சேர்த்துச் சோதித்தனர். அதனால் கேண்டிடாவின் அளவில் பெரிய மாறுதல் ஏற்படவில்லை.

அப்படியாயின், பத்தியத்தால் நலம் பெற்றதாகச் சிலர் கூறுவது பொய்யா? பொய் அன்று. ஆனால் அங்கே விவேகம் வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்ததனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பத்தியம் மேற்கொள்பவர் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் மதுவையும் விட்டுவிடுகிறார். உடல் எடை குறைகிறது. இரத்தச் சர்க்கரை சீராகிறது. அதனால் உடல் தெளிவடைவது இயல்பே. அந்தப் பெருமையை ஈஸ்டைப் பட்டினி போட்டதற்கு அளிப்பதுதான் பிழை.

அச்சம் விளைவிக்கும் கேடு

இது வெறும் தர்க்கப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. கரும்பு பயிரிடும் குடும்பத்துப் பெண்மணி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு நடுவயது. சில மாதங்களாகப் பிறப்புறுப்பில் அரிப்பு. கூச்சத்தால் கணவரிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் செல்லவில்லை. யாரோ கூறிய பத்தியத்தை மேற்கொள்கிறார். இட்லி இல்லை, தயிர் இல்லை, பழம் இல்லை, சோறும் இல்லை. பத்தே நாளில் தலைசுற்றலும் தளர்ச்சியும் வருகின்றன. ‘ஈஸ்ட் சாவதால் வரும் அறிகுறி இது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். அவரும் பொறுத்துக்கொள்கிறார்.

உண்மையில் அவருக்கு இருப்பது இன்னும் கண்டறியப்படாத நீரிழிவாக இருக்கலாம். அரிப்பு அதன் முதல் அறிவிப்பாக இருக்கலாம். ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை உண்பவராயின், தானியத்தைத் திடீரென நிறுத்தியதால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் சில மாத்திரைகளே இத்தொற்றுக்கு இடமளிப்பதும் உண்டு. மருத்துவரிடம் சொன்னால்தான் தீர்வு கிடைக்கும். பொறுமை உயர்ந்த பண்புதான். ஆனால் உடல் விடுக்கும் எச்சரிக்கையைக் கேளாதிருப்பது பொறுமை ஆகாது.

உணவு செய்யக்கூடியது

இவ்வளவும் கூறியதால் உணவுக்கு இதில் இடமே இல்லை என்று கொள்ளலாகாது. அதன் இடம் எது என்பதை அறிய வேண்டும்.

முதலாவது, நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையைச் சீராக வைக்கும் உணவே தலையாய பத்தியம். சர்க்கரை மிகும்போது உமிழ்நீரிலும் சிறுநீரிலும் அது மிகுகிறது; கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களின் ஆற்றலும் குறைகிறது. ஈஸ்டுக்கு ஏற்ற சூழல் அப்போதுதான் அமைகிறது.

இரண்டாவது, சேர்க்கும் சர்க்கரைக்கு ஓர் அளவு வேண்டும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் சாரம். வெல்லமும் இக்கணக்கில் அடங்கும். வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் உண்டெனினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே.

மூன்றாவது, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதி. ஆயினும் அதுவும் மாவுச்சத்து நிறைந்த தானியமே. நீர்க்கக் கரைத்துக் குடிக்கும் கூழ், களியைவிட விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தலாம். பருப்பு, கீரை, காய்கறிகளுடன் அளவாக உண்பதே முறை.

நான்காவது, இட்லியையும் தயிரையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆவியில் வேகும்போதே மடிந்துவிடுகின்றன. தயிரைப் பற்றி 1992-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு நம்பிக்கை ஊட்டியது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. எனவே தயிரை நல்ல உணவாகக் கொள்ளலாம், மருந்தாகக் கொள்ளலாகாது.

உணவுக்கு அப்பாற்பட்ட சில பழக்கங்களும் துணைபுரியும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தியபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் உண்ணலாகாது. தொற்று வந்துவிட்டால் அதற்குரிய எளிய மருந்துகள் உண்டு. ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால், சர்க்கரைப் பரிசோதனையும் மருத்துவரின் முழுமையான ஆலோசனையும் கட்டாயம் தேவை.

கீதையின் ஆறாம் அத்தியாயம் சாதகனுக்கு வகுக்கும் உணவு நெறி நடுவழியானது. மிகையும் பட்டினியும் ஒருசேர அதற்குப் புறம்பானவை. அளவு என்பது அச்சத்தில் பிறப்பதில்லை, அறிவில் பிறக்கிறது. வெல்லம் காய்ச்சுபவர் அடுப்பை அணைப்பதுமில்லை, தீயைப் பொங்க விடுவதுமில்லை. பாகின் பதம் பார்த்துத் தீயைக் கூட்டியும் குறைத்தும் காக்கிறார். உடலாகிய அடுப்பையும் அவ்வாறு காப்பவருக்கு, உள்ளே வாழும் சிற்றுயிரைக் கண்டு அஞ்ச வேண்டிய தேவை நேராது. உடல் எச்சரிக்கும்போது கூசாமல் மருத்துவரிடம் செல்வதும் அந்தக் காவலின் ஒரு பகுதியே.