போகம் முடிந்ததும் பயிர்வாரிக் கணக்கு

அநுராதபுரப் பக்கம் செப்டம்பரில் சிறுபோகம் முடிந்தது. மரக்கறிச் செய்கைக்குப் புதியவனான நான், ஒக்டோபர் மழைக்கு முன் கணக்குக் கொப்பியைத் திறந்தேன். 10 பேர்ச்சில் பயிற்றை, 10 பேர்ச்சில் வெண்டி. பயிற்றை விற்று 75,000 ரூபா, வெண்டியில் 60,000. பார்வைக்குப் பயிற்றையே இலாபம். ஆனால் கம்பு, கயிறு, மருந்து, பறிகூலி என அதற்குச் செலவு 71,000; வெண்டிக்கு 38,000. வீட்டார் உழைப்பையும் நாட்கூலியாகச் சேர்த்தேன். கம்பு அடுத்த போகத்துக்கும் உதவுமென்பதால் பாதி விலையே போட்டேன். மிஞ்சியது பயிற்றையில் 4,000, வெண்டியில் 22,000.

வியாபாரச் சகோதரர்களே, கடைக்கும் இதுவே பாடம். மொத்த விற்பனையில் மயங்காமல் சாமான்வாரியாகக் கணக்கு வையுங்கள். உங்கள் உழைப்புக்கும் கூலி போடுங்கள். பெரும்போக விதைக்காசை ஒதுக்கிய பின்பே வீட்டுச் செலவுக்கு எடுத்தேன்; நீங்களும் அடுத்த கொள்முதலுக்கான முதலில் கைவைக்காதீர்கள். அல்லாஹ் பரகத் செய்வானாக.