நெற்றி விளக்கும் தலைக்கவச விளக்கும்

மலாக்கா நகரிலிருந்து தஞ்சோங் கிளிங் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில் கிளேபாங் இருக்கிறது. பகலில் கோக்கனட் ஷேக் குடிப்பதற்கும், கரையில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள பழைய நீர்மூழ்கிக் கப்பலைப் பார்ப்பதற்கும், கடலைத் தூர்த்ததால் உண்டான மணல்வெளியில் படம் எடுப்பதற்கும் மக்கள் வருகின்றனர். இரவில் வெயிலும் கூட்டமும் குறைந்துவிடும், கடற்காற்று வீசும். மிதிவண்டி ஓட்ட விரும்புவோர்க்கு இதைவிட நல்ல நேரம் ஏது?

ஆனால், இருட்டில் ஓட்டுவதற்கு விளக்கு வேண்டும். கடைகளில் விற்கும் நல்ல விளக்கும் அதைத் தலைக்கவசத்தில் பொருத்தும் தாங்கியும் மாணவர்களின் கைக்கு எட்டாத விலையில் இருக்கலாம். எனவே, பலர் தாமே செய்துகொள்கின்றனர். பழைய டியூப்பை வெட்டிய இரப்பர்ப் பட்டை, வெல்குரோ, கேபிள் டை, நெகிழிப் புட்டியின் கழுத்து ஆகியவற்றைக் கொண்டு கைவிளக்கையும் சிறிய ஒளிப்படக்கருவியையும் தலைக்கவசத்தின்மேல் கட்டிவிடுகின்றனர். இந்தக் கைத்திறன் பாராட்டத்தக்கது. எனினும், கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கீழே விழும்போது இந்தப் பொருள் என்ன செய்யும்?

தலையில் விளக்கைக் கட்டிக்கொள்வது மலாக்காத் தமிழர்களுக்குப் புதியதன்று. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் மரங்களை வாணிக நோக்கத்தோடு நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டத்தை உருவாக்கினார். இந்நாட்டின் இரப்பர்த் தோட்டத் தொழில் மலாக்காவில்தான் வேரூன்றியது எனலாம். இரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலின் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏற, இலைகள் வழியாக நீர் ஆவியாகி, பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்துவிடும், பாலும் குறையும். ஆகவே, பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருள் பிரியும் முன்பே நிரைக்குச் சென்றனர். இரு கைகளுக்கும் வேலை இருந்ததால், விளக்கு நெற்றிக்கு ஏறியது.

அந்நாளில் கார்பைட் விளக்கும் பயன்பட்டது. அதன் மேற்பகுதியில் நீரும் கீழ்ப்பகுதியில் கால்சியம் கார்பைடு கட்டிகளும் இருக்கும். நீர் சொட்டுச் சொட்டாக விழும்போது அசிட்டிலின் வாயு உண்டாகும். அது சிறு துளை வழியாக வெளிவந்து வெண்மையான சுடராக எரியும். நீர் சொட்டும் வேகத்தைத் திருகி மாற்றினால் வெளிச்சம் கூடும் அல்லது குறையும். அதன் வாடையை இன்றும் மறக்காத முதியவர்கள் நம் குடும்பங்களில் உள்ளனர்.

என் பெரியம்மா அவர்களுள் ஒருவர். ஒருநாள் இரவு என் மகன் தலைக்கவசத்தில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது, அவர் வாசலில் அமர்ந்திருந்தார்.

“என்னய்யா, பால் வெட்டப் போறியா?”

“இல்ல பாட்டி, சைக்கிள் ஓட்டப் போறேன்.”

“நாங்களும் நெத்தியிலதான் கட்டுனோம். ஆனா, மரத்துக்கு மரம் நடந்துதான் போவோம். நீ பறந்துகிட்டுல போற!”

அவர் கேலியாகச் சொன்னாலும், செய்தி அதில்தான் இருக்கிறது. நடப்பவருக்கு ஐந்தடி தூரம் தெரிந்தால் போதும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டரைக் கடந்துவிடும். குழியைக் கண்டு மூளை முடிவெடுத்து விரல்கள் பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 10 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். பிரேக் பிடித்து முழுதாக நிற்க இன்னும் 5 மீட்டர் வேண்டும். ஆக, 15 மீட்டருக்கு அப்பால் இருப்பதைக் காட்டாத விளக்கு அந்த வேகத்திற்குப் பயன்படாது. வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டராகக் குறைத்தால், 8 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மங்கிய விளக்கு வைத்திருப்பவர் மெதுவாகத்தான் போக வேண்டும். இதற்கு வேறு வழி இல்லை.

இனி, விளக்கை எங்கே பொருத்துவது என்பதைப் பார்ப்போம். தலைவிளக்குக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நாம் பார்க்கும் பக்கம் எல்லாம் ஒளியும் திரும்பும். கைப்பிடியில் உள்ள விளக்கு சக்கரம் போகும் திசையை மட்டுமே காட்டும். சந்துக்குள் திரும்பும் முன், அங்கே நாய் படுத்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குத் தலைவிளக்கே உதவும்.

ஆனால், பலரும் அறியாத குறை ஒன்றும் அதற்கு உண்டு. ஒளி கண்ணுக்கு மிக அருகிலிருந்து புறப்படுவதால், பொருள்களின் நிழல் அவற்றின் பின்னாலேயே மறைந்துவிடும். நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளமும் தெரியாது. குழி விழுந்த சாலை சமதரைபோல் தோன்றும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டறையில் ஒரு துண்டைக் கசக்கித் தரையில் போடுங்கள். கைவிளக்கை முதலில் நெற்றியருகே பிடித்துப் பாருங்கள். பிறகு, அதே விளக்கை முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு மடிப்பும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். கைப்பிடி விளக்கின் பயன் இதுவே. தூறல் விழும் இரவில் வேறுபாடு இன்னும் கூடும். தலைவிளக்கின் ஒளி மழைத்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும்.

ஆகவே, முதல் விளக்கு மிதிவண்டிக்கு. இரண்டாவது விளக்குதான் தலைக்கு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வண்டியிலேயே இருக்க வேண்டும். சாலையில் நாம் பார்ப்பது எவ்வளவு முக்கியமோ, பிறர் நம்மைப் பார்ப்பதும் அவ்வளவு முக்கியம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த இளையோர் கூட்டத்தின்மீது கார் மோதி, 13 முதல் 16 வயதுக்குட்பட்ட எண்மர் உயிரிழந்தனர். அவர்கள் ஓட்டியவை ‘பாசிக்கால் லாஜாக்’ எனப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகள். அவற்றில் பிரேக்கும் இல்லை, விளக்கும் இல்லை. நேரம் அதிகாலை மூன்று மணியைக் கடந்திருந்தது. அந்த வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. எண்மரும் இன்று உயிரோடு இருந்தால் இருபது வயதைத் தாண்டியிருப்பர்.

தலைக்கவசத்திற்கு வருவோம். அதன் வெளி ஓடு மெல்லிய நெகிழியால் ஆனது. உள்ளே இருக்கும் வெண்ணிற நுரைப் பாலிஸ்டரின்தான் உயிர்காக்கும் பகுதி. அது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் விழுந்தால், மோதும் கணத்தில் அதன் வேகம் விநாடிக்கு 5.42 மீட்டர். ஐரோப்பாவின் இஎன் 1078 தரச் சோதனையில், மிதிவண்டித் தலைக்கவசம் தட்டையான பரப்பின்மீது மோதவிடப்படுவதும் இந்த வேகத்தில்தான். அந்தத் தலை 2 மில்லிமீட்டருக்குள் சட்டென்று நின்றால், அதன்மீது செயல்படும் சராசரி வேகத்தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 750 மடங்கு. நுரை 2 சென்டிமீட்டர் நசுங்கி இடங்கொடுத்தால், அது 75 மடங்காகக் குறைந்துவிடும். அதே தரம் அனுமதிக்கும் உச்ச அளவு 250 மடங்கு. உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்பது அந்த விரற்கடை நுரைதான்.

இப்போது, ஓட்டின்மேல் ஒரு விளக்கைத் திருகாணியால் இறுக்கிவிட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். விழும்போது தரை முதலில் விளக்கைத் தொடும். பரந்த இடத்தில் விழ வேண்டிய அடி, விளக்கின் அடிப்பகுதி அளவே உள்ள சிறிய இடத்தில் விழும். அது மட்டுமன்று. தலைக்கவசம் வழுவழுப்பாகவும் உருண்டையாகவும் இருப்பது அழகுக்காக அன்று. தரையில் பட்டால் சறுக்கிச் செல்வதற்காக. நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் தரையில் மாட்டிக்கொண்டால், சறுக்க வேண்டிய தலை வெடுக்கென்று திருகப்படும். மூளைக்கும் கழுத்துக்கும் இந்தத் திருகல் மிகவும் கொடியது.

கார்ப் பந்தய வீரர் மைக்கேல் சூமாக்கர், 2013ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரான்சின் மெரிபெல் மலையில் பனிச்சறுக்கின்போது விழுந்து, பாறையில் தலை மோதிக் கடுங்காயமுற்றார். அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். அதில் சிறிய ஒளிப்படக்கருவி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. தலைக்கவசம் உடைந்தது. அந்தக் கருவி காயத்தைக் கூட்டியதா என்ற விவாதம் உலகெங்கும் எழுந்தது. அது நிறுவப்படவில்லை. ஆயினும், அதுவரை யாரும் பெரிதாகக் கேட்காத ஒரு கேள்வி அன்றுதான் பொதுமக்களின் வாய்க்கு வந்தது.

எனவே, தாங்கி செய்பவர் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளை அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். ஓட்டும்போது அது அசையக்கூடாது. விழும்போது அது உடனே கழன்றுவிட வேண்டும். கைத்திறனுக்குச் சவால் இங்கேதான் உள்ளது. “எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறேன் பார்!” என்று பெருமைப்படுபவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

கேபிள் டை இந்த வேலைக்கு ஏற்றதன்று. சாதாரணமாகக் கிடைக்கும் 4.8 மில்லிமீட்டர் அகல கேபிள் டை 22 கிலோகிராம் வரை தாங்கும். விழும்போது அது அறாது. டியூப்பிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டை இதைவிட மேல். அதைக் காற்றுத் துளைகளின் வழியே நுழைத்து ஒரு சுற்று மட்டும் சுற்றினால், அடிபடும்போது அது நீண்டு விளக்கை நழுவ விட்டுவிடும். இவற்றுள் என் தேர்வு வெல்குரோ. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர், தம் நாயின் உரோமத்தில் ஒட்டிய முள்விதைகளை உருப்பெருக்கியில் பார்த்து உருவாக்கிய பொருள் அது. பரப்போடு பரப்பாக இழுத்தால் வெல்குரோ எளிதில் விடாது; ஓர் ஓரத்திலிருந்து உரித்தாலோ சட்டென்று பிரியும். விளக்கின் தலைப்பகுதியில் அடிபட்டால், விளக்கு சாய்ந்து வெல்குரோவை ஓரத்திலிருந்து உரித்துவிடும். இதற்காக, வெல்குரோவின் அளவைச் சிறிதாக வைக்க வேண்டும். சிறிய விளக்கிற்கு 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டிலிருந்து தொடங்கலாம். விளக்கின் அடிப்பாகம் முழுவதும் ஒட்டினால் நோக்கமே கெட்டுவிடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தலைக்கவசத்தில் துளை போடாதீர்கள். நுரையைக் குடைந்து மின்கலத்தைப் புதைக்காதீர்கள். தின்னர் கலந்த பசை, தெளிப்புச் சாயம், பெட்ரோல் ஆகியவை பாலிஸ்டரினைக் கரைத்துவிடும். ஓடு வெளியே பளபளவென்று இருந்தாலும், உள்ளே நுரை அரிக்கப்பட்டிருக்கலாம். ஒட்டுப்பொருள் பயன்படுத்தலாமா என்பதைத் தலைக்கவசத்தோடு வந்த கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வெல்குரோவை ஒட்ட வேண்டும். கூடாது என்று அதில் இருந்தால், இரப்பர்ப் பட்டைக்கு மாறிவிடுங்கள். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திற்கும் இவை பொருந்தும். சிரிம் முத்திரை, சோதனையில் தேறிய வடிவத்திற்குத்தான் உரியது. நாம் துளையிட்ட வடிவத்திற்கு அன்று.

எடையையும் கவனிக்க வேண்டும். சமையலறைத் தராசில் விளக்கை வைத்துப் பாருங்கள். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். அதன் உச்சியில் 200 கிராம் ஏற்றினால், முதலில் ஒன்றும் தெரியாது. கிளேபாங்கிலிருந்து தஞ்சோங் கிளிங் போய்த் திரும்பும்போது கழுத்து சொல்லும். உயரமும் எடையைப் போலவே தொல்லை தரும். ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான விளக்கைவிட, தண்டின்மேல் நிற்கும் விளக்கு கழுத்தை அதிகமாக இழுக்கும்.

ஒளிப்படக்கருவியைத் தலையில் பொருத்த வேண்டிய தேவை அநேகமாக இல்லை. 2004ஆம் ஆண்டில் கோப்ரோ நிறுவனம் விற்ற முதல் கருவியே அலைச்சறுக்கு வீரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் படச்சுருள் கருவிதான். விபத்து நேர்ந்தால் சான்றாக உதவும் பதிவு வேண்டுமென்றால், கைப்பிடியிலோ மார்புப் பட்டையிலோ பொருத்துவதே போதும். நண்பர்களுக்குக் காட்டுவதற்காக எடுக்கும் காணொலிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. கருவி ஓடத் தொடங்கியதும் கால்கள் தாமாகவே வேகமாக மிதிக்கத் தொடங்கிவிடும்!

செய்து முடித்த தாங்கியைப் பகலில் சோதிக்க வேண்டும். தலைக்கவசத்தை அணிந்து தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள்; இரண்டு மூன்று முறை குதியுங்கள். விளக்கு நகர்ந்தால் பட்டையைச் சற்று இறுக்கலாம். பிறகு, தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொருவரை விளக்கின் உச்சியில் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கச் சொல்லுங்கள். முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு பக்கமும் இழுக்க வேண்டும். தலைக்கவசமே மேசையைவிட்டு எழும்பினால், வெல்குரோவை இன்னும் சிறிதாக வெட்ட வேண்டும். மாலையில் ஒரு நண்பரை 20 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, ஒளி அவருடைய காலடியில் விழுமாறு விளக்கைச் சாய்த்துவிடுங்கள். கண்ணில் அடித்தால், எதிரே வரும் லாரி ஓட்டுநருக்கும் அப்படித்தான் அடிக்கும்.

என் மகனின் முதல் தாங்கி இந்தச் சோதனையில் தேறவில்லை. மூன்று கேபிள் டைகளால் கட்டியிருந்தான். அன்றிரவு அவன் போகவில்லை. மறுநாள் வெல்குரோவை ஒட்டி, அதைப் பெரியம்மாவிடமே நீட்டினான். பால்வெட்டிக் காய்த்துப்போன விரல்களால் அவர் விளக்கைப் பிடித்துச் சாய்த்தார். அது ‘சர்’ரென்று கையோடு வந்துவிட்டது.

“என்னடா இது, தொட்டதும் வந்துருச்சு?” என்றார்.

“அப்படித்தான் வரணும் பாட்டி,” என்றான் அவன்.